59 முடிந்தபின் ஒரு சாம்பல் புதன்

போன வருடம் எனக்கு 59 வயது முடிந்தது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு, இருக்கும் கடமை 18 வயது முடிந்ததும் தொடங்குகிறது. 59 முடிந்து 60-வது வயதில் கால் வைத்ததும் விட்டுவிடுகிறது. சுத்தபோசனத்துக்கு, அதாவது இறைச்சி தவிர்ப்பதற்கு, அப்படி மேல்வரம்பு இல்லை, அது கடைசிவரை. ஆக, தவக்காலம் தொடங்கும் இந்தச் சாம்பல் புதனன்று இறைச்சி தொடாமல் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டாலும் எனக்குப் பாவமில்லை.

காலையில் எழுந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைச் சுட்டது. 41 வருடமாக விரும்பித்தான் செய்கிறேன் என்று நம்பியிருந்தேனே!

அதுவும் வருடத்துக்கு இரண்டே நாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நெடுகிலும் இருந்த ஒருசந்திக் கடமையை, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் போதும் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் குறைத்தது 1966-இல், நான் பிறந்த வருடம். முழுச் சாப்பாடு ஒரு வேளை, மற்ற நேரம் கொஞ்சமாக ஏதாவது. அந்த இரண்டு நாளிலும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பெரிய வெள்ளியன்று சின்னவள் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள். அவள் அழும்வரை கத்தினேன். பிறகு அதே வாயால் கோவிலில் சிலுவையை முத்தமிட்டேன். ஒருசந்தியை முறிக்கவில்லை என்ற திருப்தியோடு அன்று படுத்தேன்.

மனசு இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. சாம்பல் புதனில் வாசிக்கும் மத்தேயு நற்செய்தி 6-இல், நோன்பைப் பற்றிச் சொல்லும்போது, 'நீங்கள் நோன்பு இருக்கும்போது' என்றுதான் ஆண்டவர் தொடங்குகிறார். நோன்பு இருப்போம் என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறார். முகத்தைக் கழுவு, பிறருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அதை வாசித்து மறையுரை முடிந்த கையோடு எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசுகிறார்கள். இது வெகுநாள் எனக்கு உறுத்தல். இந்த முறை 'மண்ணாக இருக்கிறாய்' என்று சாமியார் சொல்லிப் பூசியபோது, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. நோன்பைத்தான் மறைக்கச் சொன்னார். மண் என்பதை மறைக்கச் சொல்லவில்லை.

சரி, அன்று ஒருசந்தி இருந்தேன். யாரும் கேட்கவில்லை, கணக்கும் இல்லை. மதியத்துக்கு மேல் பசி வந்தபோது, முதல்முறையாக, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் பழைய ஏற்பாட்டின் எசாயா 58 வாசகமாக வந்தது. கடவுள் விரும்பும் நோன்பு எது என்று அடுக்கிக்கொண்டே போகும் பகுதி: பசித்தவருக்கு உணவு, வீடற்றவருக்கு இடம், உன் சொந்த இரத்தத்திடமிருந்து ஒளிந்துகொள்ளாதே. இத்தனை வருடம் கேட்டும் அந்தக் கடைசிச் சொல் என் காதில் விழுந்ததில்லை. வீட்டுப் பத்திர விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதில் தப்பு என் பக்கம்தான் அதிகம். அந்த இரண்டு வருடமும் ஒருசந்தி மட்டும் தவறவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடி கூப்பிடப் போகிறேன்.