சார்ட் பேப்பர் ஓட்டையும் ரிசால்வ் வட்டமும்

பெரியப்பா பழைய சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துத் துடைப்பதை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முகமும் கைகளும் நன்றாகவே வந்தன. ஆனால் போட்டுப் பார்த்தால் கண் இடது ஓரத்துக்கே ஓடுகிறது. அங்கே வெயிலடிக்கிற ஜன்னல். வலப்பக்கம் மஞ்சள் பிளாஸ்டிக் குடம். குடத்தை நகர்த்திவிட்டேன், ஜன்னலை என்ன செய்ய? ஓரங்களை இருட்டாக்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் லென்ஸை நம்பினேன்; துளையை முழுக்கத் திறந்தால் அதுவே மூலைகளைக் கொஞ்சம் இருட்டாக்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முழுக்கத் திறந்து, மூலை இருட்டைச் சரிசெய்யும் கேமரா மெனு வசதியையும் அணைத்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. என் கேமராவில் படத்தைப் பதியும் சில்லு, ஏபிஎஸ்-சி என்கிற சிறிய அளவு சென்சார். லென்ஸோ ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாருக்கானது; அது தரும் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் இதில் விழும். நன்றாக இருட்டுகிற ஓரம் வெளியே போய்விடுகிறது.

சரி என்று கறுப்பு சார்ட் பேப்பரில் கோழிமுட்டை அளவுக்கு ஓட்டை வெட்டினேன். லென்ஸோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு மாற்றமும் இல்லை. நாலு விரல் தள்ளிப் பிடித்ததும் மூலைகள் மெல்ல இருண்டன. எஃப் 1.8-இல் அட்டையின் ஓரம் புகை மாதிரி கரைந்துவிடுகிறது. எஃப் 8-க்குப் போனேனோ இல்லையோ, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல ஓரம் கூர்மையாகிவிட்டது. "கடிகாரத்தை எடுக்கிறியா, அட்டையை எடுக்கிறியாடா?" என்றார் பெரியப்பா.

அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருள். கலர் பக்கத்தில் ஒரு வட்ட விண்டோ (திருத்தம் எங்கே விழ வேண்டும் என்று குறிக்கும் வட்டம்), அது வட்டத்துக்கு வெளியே மட்டும் வேலை செய்யும்படி தலைகீழாக்கி, ஓரம் மென்மையாக சாஃப்ட்னெஸ்ஸை ஏற்றி, வெளிச்சத்தை இறக்க கெய்னைக் குறைத்தேன். முதல் முயற்சி பழைய கல்யாண கேசட் போலவே இருந்தது. பாதியாகக் குறைத்ததும் தேவலை. ஆனால் வெள்ளைச் சுவரில் வளையம் வளையமாகக் கோடுகள். என் வீடியோ 8 பிட்; அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தில் 256 படிகள்தான். வெறும் சுவரில் வெளிச்சம் மெதுவாக இறங்கும்போது படிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. பழைய ஃபிலிம் போன்ற பொடிப்புள்ளிகளை, அதாவது கிரெயினை, கொஞ்சம் சேர்த்ததும் மறைந்தன.

ஜன்னல்தான் மசியவில்லை. எடுக்கும்போதே வெளுத்துப்போனதை எடிட்டிங்கில் இறக்கினால் சாம்பல் பூசிய பலகை மாதிரி நிற்கிறது. அட்டை வைத்து எடுத்த காட்சியில் அதே ஜன்னலில் கம்பிகளும் வெளியே வேப்பிலையும் தெரிகின்றன. வெளிச்சம் சென்சாருக்கு வருமுன்பே குறைந்துவிடுகிறதே! நான் இத்தனை நாள் எடுக்கும்போது இருட்டாக்குவதும் எடிட்டிங்கில் இருட்டாக்குவதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அட்டையிலும் ஒரு வம்பு உண்டு. பெரியப்பா திருகாணியைத் தேடிச் சாய்ந்தபோது முகம் பாதி இருட்டுக்குள் போய்விட்டது. அதை மீட்க வழியில்லை. ரிசால்வ் வட்டமென்றால் முகத்தோடு நகர்த்தியிருக்கலாம்.

இப்போதைக்கு ஜன்னல் வரும் காட்சிகளுக்கு இடப்பக்கம் மட்டும் அட்டை, மற்றவற்றுக்கு லேசான வட்டம். திருகாணிக் காட்சியை ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் கடிகாரத்தை மாட்டிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.