சிபிலில் மைனஸ் ஒன்று

ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போய், சூப்பர்வைசராகி, 2023ல் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கே வந்துவிட்டேன். ஏசி சர்வீஸ் தொழில் தொடங்க ஒரு சின்ன சரக்கு வண்டி தேவைப்பட்டது. கையில் பணிக்கொடை இருந்தது. அங்கே முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதை மொத்தமாக வண்டியில் போட மனசில்லை. பாதிக்கு லோன் போடலாம் என்று, இத்தனை காலம் பணம் அனுப்பிய வங்கிக்கே போனேன்.

"சார், உங்க சிபில் மைனஸ் ஒண்ணு காட்டுது" என்றார் அதிகாரி. சிபில் என்பது நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று பார்த்து ஸ்கோர் போடும் நிறுவனம். இந்தியாவில் கடன் வாங்கிய வரலாறே இல்லாதவனுக்கு அப்படித்தான் காட்டுமாம். அமீரகத்தில் எனக்கு கிரெடிட் கார்டு இருந்தது. அங்கே சிபில் மாதிரி இருக்கும் அல் இத்திஹாத் கிரெடிட் பீரோவில் நல்ல ஸ்கோரும் இருந்தது. அங்கும் 300லிருந்து 900 வரைதான், இங்கும் அதேதான். ஆனால் அது இங்கே செல்லாது. என்.ஆர்.இ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டு வைக்கும் கணக்கில், வருடக்கணக்காகப் போட்டு வைத்த பணமும் சிபிலில் ஏறாது. வாங்கிய கடன், அதைக் கட்டிய விதம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

முதலில் கணக்கை மாற்றினேன். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.இ. கணக்கையும், இந்தியாவில் வரும் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கையும் உள்நாட்டுக் கணக்காக மாற்றியாக வேண்டும். வரியில்லாமல் வந்துகொண்டிருந்த என்.ஆர்.இ. வட்டிக்கு அப்புறம் வரி உண்டு. அதற்குப் பயந்தே பலர் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் வந்தபின் ஆடிட்டரைத் தேடி ஓடுவதற்கு முதலிலேயே மாற்றிவிடுவது தேவலை.

அடுத்தது கார்டு. ஸ்கோர் இல்லாதவனுக்குச் சாதாரண கார்டு கிடைக்காது, எஃப்.டி. போட்டால் அதன் மேல் கார்டு தருவார்கள். 50,000 ரூபாய் எஃப்.டி. போட்டேன், 40,000 லிமிட் கிடைத்தது. பெட்ரோல், கரண்ட் பில், இந்த இரண்டுக்கும் மட்டும்தான் தேய்த்தேன். லிமிட்டில் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை சிரித்துக்கொண்டு நிற்கும். அதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். முழுத்தொகையும் தானாகப் போகிற மாதிரி ஆட்டோ டெபிட் போட்டுவிட்டேன். அரை வருடம் தாண்டியபின் 700க்கு மேல் ஒரு ஸ்கோர் எட்டிப்பார்த்தது. அதுவரை எந்த வங்கியிலும் விண்ணப்பம் போடவில்லை. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

இதற்கிடையில் மச்சான் வந்தார். "மாப்ள, ஒரு கையெழுத்துதான், காசு நான் கட்டிக்கிறேன்." ஜாமீன் போட்டால் அந்தக் கடன் என் ரிப்போர்ட்டிலும் ஏறும், அவர் தவறினால் எனக்கும் அடி. முடியாது என்றேன். அதன்பிறகு அவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. சீட்டு சேரச் சொன்னவர்களும் உண்டு. சீட்டு நல்லதுதான், ஆனால் அதை எத்தனை ஒழுங்காகக் கட்டினாலும் சிபிலுக்குத் தெரியாது.

பட்ஜெட்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. ஷார்ஜாவில் எல்லாமே மாதக் கணக்கு. இங்கே கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் டேர்முக்கு. போதாக்குறைக்கு மொய். வெளிநாட்டில் இருந்தவரை மொய்யை அம்மா பார்த்துக்கொண்டார். நான் அனுப்புவதோடு சரி.

அவருடைய மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் செய்தது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு 501 போட்டவருக்கு 1,001 செய்து பெயரை அடித்திருந்தார். ஊரின் சிபில் அதுதான். எங்களுக்கு அடுத்தாற்போல பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வைத்தே தொழிலுக்கு முதல் திரட்டுவார்கள். இடப்பக்கத்தில் அடிக்காமல் நின்ற பெயர்களை அம்மா வரிசையாகச் சொன்னார்: "இவுக வீட்டுல ஆவணியில காதுகுத்து வரும், ரெண்டாயிரம் எடுத்து வையி." ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சு விட முடியாது. வருடத்துக்கு ஆகும் மொய், வரி, கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்குக்கு மாற்றுகிறேன்.

வண்டிக் கடன் பிறகு வேறொரு வங்கியில் கிடைத்தது. ஏசி வேலை பங்குனி முதல் ஆனி வரைதான் கொழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனே அடிக்காது. அதனால் கோடையில் வருவதில் நாலு மாத இ.எம்.ஐ.க்கு முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நாலு கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காலாண்டுக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.