அத்தானின் கையில் என் வாக்கு

அப்பாவின் திவசத்துக்காக 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணம் வந்திருந்தேன். அந்த மாதம் 23ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, அதிலிருந்து விலகுவதா என்பதைத் தீர்மானிக்கும் சர்வசன வாக்கெடுப்பு பிரித்தானியாவில் நடக்கவிருந்தது. அங்கு சட்டபூர்வமாக வசிக்கும் பொதுநலவாய நாட்டவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டோடு ஈஸ்ட்ஹாமில் வாழ்ந்துவந்த எனக்கும் ஒரு வாக்கு இருந்தது. வாக்களிப்பு நாளில் ஊரில் நிற்பேன் என்பதால் எனக்காக வாக்களிக்கப் பதிலாள் ஒருவரை நியமிக்க விண்ணப்பித்தேன். அதற்கான இறுதி நேரம் ஜூன் 15 மாலை 5 மணி. பதிலாளாக அத்தானின் பெயரைக் கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் போடச் சொல்வது என்பதை மட்டும் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து நாட்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாக்கெடுப்பால் என் குடும்பத்தில் யாருடைய வாழ்க்கை நேரடியாக மாறும் என்று பார்த்தால், முதலில் வருபவர் அக்கா. பெரியம்மாவின் மகளான அவர், சிறுமியாக இருந்தபோதே ஜேர்மனிக்குப் போய், அந்த நாட்டுப் பிரஜையாகி, அத்தானைக் கலியாணம் செய்து 2004இல் லண்டனுக்கு வந்தவர். பன்னிரண்டு வருடங்களாக அங்கேயே வேலை செய்து வரி கட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவருக்கு, ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரே காரணத்தால் இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. அயர்லாந்து, மால்ற்றா, சைப்பிரஸ் நாட்டவர்களைத் தவிர ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்றக் குடிமக்கள் எல்லோரும் அவருடைய நிலையில்தான் இருந்தார்கள். வேலை விசாவில் வந்து ஆறு வருடம்கூட ஆகாத எனக்கு உரிமை இருந்தது, அவருக்கு இல்லை. இது எனக்கு மிகவும் கூச்சத்தைத் தந்தது. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் டென்மார்க்கிலும் அகதிகளாகப் பதிந்து, பின்னர் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவினர்களுக்கும் கோயில்களுக்கும் அருகில் இருப்பதற்காகவும் லண்டனுக்குக் குடிபெயர்ந்த எங்கள் சனத்தைப் பற்றி நினைக்கும்போது, ஒன்றியத்துக்குள் தடையின்றிப் போய்வரும் உரிமை என்பது எனக்கு ஏட்டில் உள்ள ஒரு கொள்கையாகத் தெரியவில்லை. அந்த உரிமையின் மேல்தான் அந்த வீடுகள் கட்டப்பட்டிருந்தன.

ஆனால் அத்தான் விலகும் பக்கம் நின்றார். அவருடைய கோபத்தை நான் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. அவருடைய தம்பி பிரித்தானியப் பிரஜை. நல்லூரில் கலியாணம் செய்த பெண்ணை அழைத்துக்கொள்ள வருடத்துக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு விதியில் மாட்டி, புது மனைவியைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் போன்ற ஐரோப்பியக் குடிமகன் ஒருவர் இலங்கையிலிருந்து துணையைக் கூப்பிட அந்த வருமானக் கணக்குத் தேவையில்லை. "சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிறவன் ஏன் இரண்டாந்தரமாய் நிக்கவேணும், தம்பி?" என்று அத்தான் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குக் கதவு திறந்திருப்பதால்தான் எங்கள் ஆட்களுக்குக் கதவு அடைபடுகிறது, ஒன்றியத்தை விட்டு வந்தால் பொதுநலவாய நாட்டவர்களுக்கு வழி பிறக்கும் என்ற பேச்சை அந்த மாதங்களில் தெற்காசியர்களிடையே விலகல் தரப்பினரும் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

விறாந்தையில் இருந்து நான் செய்த வேலை, ஒவ்வொரு காரணத்துக்கும் வேர் எங்கே இருக்கிறது என்று தேடியதுதான். அந்த 18,600 பவுண் விதியை பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம் போடவில்லை. பிரித்தானிய அரசே போட்டது. விலகினாலும் அது அப்படியே இருக்கும், விரும்பினால் அரசு அதைக் கூட்டவும் முடியும். படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் விசாவை 2012இல் நிறுத்தியதும், நிரந்தர வதிவிடத்துக்கு 35,000 பவுண் சம்பளம் வேண்டும் என்று 2016 ஏப்ரலில் கொண்டுவந்ததும் அதே அரசுதான். விலகினால் வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் மிஞ்சும் என்று விலகல் தரப்பினர் பேருந்தில் எழுதி ஓடவிட்ட கணக்கும், பிரித்தானியா ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் 1984இல் அப்போதைய பிரதமர் மார்கரெட் தட்சர் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காமல் போட்டது.

என் விருப்பத்துக்குச் சாதகமான காரணங்களையும் அதே தராசில் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களில் பலர், விலகினால் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பாதுகாப்பும் போய்விடும், தஞ்சம் மறுக்கப்பட்டவர்களை உடனே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள். அந்த நீதிமன்றம் எங்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பது எனக்குத் தெரியும். 1991இல் ஐந்து தமிழர்கள் அங்கு தோற்றார்கள். 2008இல், தமிழர் ஒருவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்புவது சித்திரவதைத் தடைக்கு முரணாகும் என்று அதே நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அல்ல. 1949இல் உருவான ஐரோப்பியப் பேரவையைச் சேர்ந்தது. ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்று அப்போது சொன்ன உள்துறை அமைச்சர் தெரேசா மே, அந்த நீதிமன்றம் காக்கும் மனித உரிமைச் சாசனத்தை விட்டுத்தான் விலக வேண்டும் என்று ஏப்ரலில் பேசியிருந்தார். ஆகவே எனக்கு மிகவும் பிடித்திருந்த அந்தக் காரணத்தை நானே அடித்துவிட்டேன்.

இதற்கிடையில், பின்னேரங்களில் வந்து இருந்து கதைக்கும் சித்தப்பா வேறொரு வாதத்தை வைத்தார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்து, அடுத்த வருடமே தேர்தலில் அதற்கு ஆணை கொடுத்த மண்ணில் பிறந்தவன், பிரிந்துபோக விரும்பும் ஒரு நாட்டைத் தடுக்க வாக்களிக்கலாமா என்று கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சுயநிர்ணயம் என்ற சொல்லை நாங்கள் எத்தனை மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள்!

அவருக்கு நான் மறுநாள் சொன்ன பதிலில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். பிரித்தானியா ஐரோப்பாவுக்குள் விரும்பிப் போன நாடு. 1973இல் இணைந்தது, 1975இல் மக்களிடம் கேட்டு உறுதிசெய்தது. ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே 50ஆவது உறுப்புரையாக வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு நடந்ததோ வேறு. 1983 ஓகஸ்டில் வந்த 6ஆவது திருத்தச் சட்டம், தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று பாராளுமன்ற உறுப்பினர்களைச் சத்தியப்பிரமாணம் செய்யக் கேட்டது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். கேட்பதற்கே தடை உள்ள ஒரு இணைப்பையும், வேண்டாம் என்றால் கடிதம் எழுதிவிட்டுப் போகலாம் என்ற ஒரு இணைப்பையும் 'பிரிவு' என்ற ஒரே சொல்லால் அளக்க முடியாது. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த வாதத்தை அவர் எடுக்கவுமில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அறிந்த சர்வசன வாக்கெடுப்பு ஒன்றுதான்: 1982 டிசம்பர் 22இல், பொதுத்தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு கேட்டது. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். "நாங்கள் குடத்துக்குப் போட்டனாங்கள். யாழ்ப்பாணத்திலை குடம்தான் வெண்டது. பாராளுமன்றம் நீண்டது" என்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்குப் போட்டும், நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது விளக்குக்கு ஏறத்தாழ 55 வீதம் கிடைத்தது. வாக்களிக்கும் எல்லோரையும் ஒரே குவியலாக எண்ணும்போது, ஒதுங்கிய ஒரு பகுதியின் ஒருமித்த குரல் எப்படிக் கரைந்துபோகும் என்பதை அம்மா மூன்று வசனங்களில் சொல்லிவிட்டார். ஸ்கொட்லாந்தையும் வட அயர்லாந்தையும் நான் அதன்பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

ஜூன் 21 இரவு அத்தானுக்கு அழைப்பெடுத்து, தொடர்ந்து இருப்பதற்குப் போடும்படி சொன்னேன். அக்காவுக்கு வாக்கில்லாத இடத்தில் என் வாக்கை அவருக்கு எதிராகப் போட முடியாது, உங்கள் தம்பிக்கு நேர்ந்த அநியாயம் உண்மை, ஆனால் விலகல் அதைத் தீர்க்காது என்றும் சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒருவரிடம் என் வாக்கை ஒப்படைக்கிறேனே என்று ஒரு கணமும் நான் சந்தேகப்படவில்லை. வியாழக்கிழமை வேலைக்குப் போகுமுன் இரண்டு வாக்குச்சீட்டுகளை வாங்கி, ஒன்றில் தன் எண்ணப்படியும் மற்றதில் என் எண்ணப்படியும் புள்ளடி போட்டதாக அவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் நேரம் ஒன்பது மணி கடந்து சிறிது நேரத்தில், விலகல் வென்றுவிட்டதாக பிபிசி அறிவித்தது. 51.9 வீதத்துக்கு 48.1 வீதம். ஸ்கொட்லாந்து 62 வீதமும் வட அயர்லாந்து ஏறத்தாழ 56 வீதமும் தொடர்ந்து இருக்கவே வாக்களித்திருந்தன. அம்மா வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

அத்தான் எதிர்பார்த்தவற்றில் சில நடந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021இலிருந்து ஐரோப்பியரும் எங்களவரும் ஒரே குடிவரவு விதிக்குள் வந்தார்கள். படிப்புக்குப் பின்னான வேலை விசாவும் அந்த வருடமே திரும்பி வந்தது. ஆனால் துணைவருக்கான வருமான எல்லை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக ஏறியது.

அக்கா, தான் பதினைந்து வருடங்களாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ அனுமதி கேட்டு 2019இல் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடவுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து, முகத்தைப் படம் பிடித்து, வரிக் கணக்குகளைத் தேடியெடுத்து, அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் அத்தான்.