பாகவதர் பத்தி இன்னொரு புக்கு

அந்தக் காலத்து பாட்டு ஹீரோ, சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதர் பத்தி புதுசா ஒரு வாழ்க்கை வரலாறு வந்திருக்குன்னு ஃப்ரெண்ட் கொடுத்தான், ரெண்டு நைட்ல முடிச்சுட்டேன். புக் பேரு வேணாம், எழுதினவர் பாவம், ஆசையாத்தான் எழுதியிருக்கார். ஆனா மூடி வச்சப்ப இதுல நமக்குத் தெரியாதது என்ன இருந்துச்சுன்னு யோசிச்சா பெருசா ஒண்ணும் சிக்கல.

தங்கத்தட்டுல சாப்பிட்ட கதை இருக்கு. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் படம் சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது இருக்கு. லட்சுமிகாந்தன்ங்கற பத்திரிகைக்காரரைக் கொன்னதா பாகவதரும் காமெடி நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் மாட்டின கேஸ் சொல்லவே வேணாம், புக்ல பாதி அதான். வேப்பேரில கத்திக்குத்து, ஆயுள் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல், அங்கேருந்து திரும்ப ஐகோர்ட்டுக்கே வந்து 1947 ஏப்ரல்ல விடுதலை, இதெல்லாம் எத்தனை வாரப் பத்திரிகைல எத்தனை தொடரா படிச்சாச்சு!

எனக்கு வேண்டியது அதுக்கு அப்புறம். வெளிய வந்ததுலேருந்து 1959 நவம்பர்ல சாகற வரைக்கும் பன்னெண்டு வருஷம் அந்த மனுஷன் இருந்திருக்கார். ராஜமுக்தி, அமரகவி, ஷியாமளா, புதுவாழ்வு, அவர் போனப்புறம் வந்த சிவகாமி, எதுவும் பெருசா போகல. ஏன்? "ஜெயில் அவரை உடைச்சிருச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார் ஆசிரியர். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.

சரி, அப்ப கலைவாணர்? அதே கேஸ், அதே ஜெயில், வெளிய வந்ததும் அதே வருஷம். என்.எஸ்.கே. 1949ல அண்ணா கதைல நல்லதம்பி பண்றார், 1951ல மணமகள் எடுக்கறார், அடுத்த வருஷம் சிவாஜியை வச்சு பணம் எடுக்கறார். ஜெயில்தான் காரணம்னா இவரையும்ல உடைச்சிருக்கணும்?

எனக்கு என்ன தோணுதுன்னா, இவங்க உள்ள இருந்த நேரத்துல வெளிய சினிமாவே வேற ஆயிடுச்சு. பாகவதர் படம்னா பாட்டு, நடுவுல கொஞ்சம் கதை. 1949ல வேலைக்காரி, 1952ல பராசக்தின்னு வந்தப்புறம் ஜனங்க வசனத்துக்குக் கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க, அதுவும் கோயிலையும் பூசாரியையும் கேள்வி கேக்கற வசனம், இங்க இவரோ சிவகவியா ஹரிதாஸா பக்தில உருகின ஆளு. போதாக்குறைக்கு பின்னணிப் பாட்டு வேற வந்துருச்சு, ஹீரோவுக்குப் பாடத் தெரியணும்ங்கற அவசியமே போச்சு. 1941ல அசோக்குமார்ல சின்ன வேஷம் கட்டின எம்.ஜி.ஆர். 1954ல மலைக்கள்ளன், பாடுனது டி.எம்.எஸ்.! கலைவாணர் இந்தப் புது வசனப் பக்கம் ஏற்கனவே ஒரு கால் வச்சிருந்தார், இவர் வைக்கல.

வைக்க முடியலையா, வேணாம்னு இருந்தாரா? இதைத்தான் ஒரு வாழ்க்கை வரலாறு தேடிப் போகணும். மார்க்கெட் போனப்புறம் 1957ல புதுவாழ்வை அவரே டைரக்ட் பண்ணியிருக்காரே, என்ன நம்பிக்கைல? பணம் யார் போட்டா? புக்ல அந்தப் படத்துக்கு ரெண்டு பாரா. பின்னாடி இருக்கற போட்டோவெல்லாம் மட்டும் நல்லா இருக்கு, அதுக்காக வேணா வாங்கலாம்.

எங்க தாத்தா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவர், பாகவதர்னா உயிர். ஸ்கூல் படிக்கறப்ப ஒருவாட்டி கேட்டேன், ஷியாமளா பார்த்தீங்களா தாத்தான்னு. "இல்லடா, அந்த வருஷம் பராசக்தி வந்துச்சு, அதையே ஏழு தடவ பார்த்தேன்"னார். அந்த வருஷம் எடுத்த அவரோட கல்யாண போட்டோ இன்னும் வீட்டுல மாட்டியிருக்கு, தோள் வரைக்கும் பாகவதர் கிராப்.