உரிமம் வைத்திருந்தவர் இறந்தபின் துப்பாக்கியை என்ன செய்வது? எங்கள் வீட்டு அனுபவம்

அப்பா இறந்தபோது அவர் பெயரில் உரிமம் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி தோட்டத்து வீட்டு இரும்பு பீரோவில் இருந்தது. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட ஆயுதத்தைத் தேவையில்லாமல் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது.

உரிமம் இல்லாத நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதே சிக்கல் என்பதால் முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்டோம். போலீஸார் வந்தார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த எண்ணும் துப்பாக்கியில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தார்கள். அப்புறம் தோட்டாக்களைக் கேட்டார்கள். அம்மா அவற்றை ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடுமுறைக்கு வந்தால் பேரப்பிள்ளைகள் ஏறி விளையாடும் பெட்டி அது. எல்லாவற்றையும் குறித்து ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

அடுத்து என்ன என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. வாரிசு ஒருவர் தன் பெயருக்கு உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும், மருத்துவச் சான்று வேண்டும். அண்ணன் விண்ணப்பிக்க நினைத்தார். "நீ டவுன்ல இருக்கற கண்ணு, உனக்கென்ன தெரியும்? அம்மா இங்க தனியா இருக்காங்க" என்றார். அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024-இல் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரையும், 2025-இல் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதியையும் கொன்றுபோட்டார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

ஆனால் விண்ணப்பத்தோடு, ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும். அதைப் படித்தபோதுதான் அண்ணனிடம் கேட்டேன்: குண்டு நிரப்பாமல் பீரோவில் பூட்டி வைத்தால், நடுராத்திரியில் கதவை உடைப்பவன் அம்மா சாவி தேடி எடுக்கும்வரை காத்திருப்பானா? நிரப்பித் தலைமாட்டில் வைத்தால், பிள்ளைகள் வரும் நாளில் என்ன செய்வது? துப்பாக்கி பற்றிய விவாதம் எப்போதும் திருடனைப் பற்றியே நடக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களின் கோபம், குடி, மனச்சோர்வு பற்றி யாரும் பேசுவதில்லை. மக்கள் கையில் துப்பாக்கிகள் மிக அதிகமாக இருக்கும் அமெரிக்காவில், துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாதான் முடித்து வைத்தார்: "எனக்குச் சுடத் தெரியாதுப்பா. சுடவும் மாட்டேன்."

அதன்பிறகு வேலை சுலபம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உரிமப் புத்தகம், ஸ்டேஷன் ரசீது ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்றோம். கிடைத்தது சொற்பப் பணம்தான். அண்ணன் வாசலில் கேமராவும் வீட்டைச் சுற்றி விளக்கும் போட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர் இப்போது ராத்திரி அம்மாவுக்குத் துணையாகப் படுக்கிறார். அண்ணனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, அவ்வப்போது பேச்சை எடுப்பார்.

உரிமம் ரத்தான உத்தரவின் நகலை அம்மாவிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறோம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது பழைய பட்டியலைப் பார்த்து யாராவது அப்பாவைக் கேட்டு வந்தால் காட்டலாம்.