வெனிலா வளத்த கதை: நாலு வருஷத்துல ஏழு காய்

மொதல்லயே சொல்லிடறேன், இதுல லாபக் கணக்கு எதுவும் இல்ல. நாலு வருஷம் தண்ணி ஊத்தி, நிழல் வலை கட்டி, காலைல காப்பி கூட குடிக்காம பூவுக்கு முன்னாடி ஏணி போட்டு நின்னு, கடைசில கைக்கு வந்தது ஏழு காய், தராசுல 19 கிராம். வீட்ல இன்னும் சொல்லிச் சொல்லி சிரிக்கறாங்க.

2021 ஆடில ஆனைமலை பக்கம் சித்தப்பா தோப்புக்கு போனப்ப, வாய்க்கால் ஓரத்துல ஒரு கல்யாண முருங்கை மரத்துல தடியா பச்சக் கொடி ஒன்னு சுத்தீட்டு கெடந்துச்சு. மிளகுன்னு நெனச்சேன். வெனிலாவாம். 2003 வாக்குல எங்க பக்கம், கேரளா, கர்நாடகா எல்லாம் வெனிலா பைத்தியம் புடிச்சு அலைஞ்ச சமயத்துல வெச்சது. 2000ல மடகாஸ்கர்ல ஹூடான்னு ஒரு புயல் அடிச்சு அங்க கொடியெல்லாம் போச்சு, உலக மார்க்கெட்ல வெல தாறுமாறா ஏறுச்சு, இங்க நாத்து விக்கறவங்களே காசு பாத்தாங்க, எல்லாரும் வெச்சு காய் வர்ற நேரத்துக்கு மடகாஸ்கர் எந்திரிச்சிடுச்சு, வெல கவுந்துடுச்சு. சித்தப்பா மொத்தத்தையும் புடுங்கி எருக்குழில போட்டாரு, இந்த ஒன்னு மட்டும் எப்படியோ தப்பிச்சிருக்கு. நான் ஒரு மீட்டர் கொடி வெட்டிக் கேட்டதும் அவர் சொன்னது: "ஏஞ்சாமி, எங்கள ஏமாத்துனது பத்தாதா, உனக்கும் வேணுமா?"

பொள்ளாச்சில வீட்டுக்குப் பின்னாடி, கெழக்கு வெயில் மட்டும் படற எடத்துல, ஒரு கல்யாண முருங்கை போத்து நட்டு அதுல ஏத்துனேன். மண்ணுல ஆழமா பொதைக்கக்கூடாது, இலை மக்கு, தேங்கா மட்டை தூள் போட்டு மேலாப்புல படுக்க வெக்கணும். எனக்கு அது தெரியாது, ஆழமா பொதைச்சு, போதாக்கொறைக்கு தெனமும் தண்ணி ஊத்தி, மூணு மாசத்துல அடி அழுகிடுச்சு. நல்லவேளை மேல காத்துல தொங்கற வேர் வந்திருந்துச்சு, அழுகுனத வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்த மறுபடி படுக்க வெச்சேன். 2022, 2023 ரெண்டு வருஷமும் கொடி மட்டும்தான். மேல போறத கீழ மடக்கி மடக்கி தொங்கவிட்டேன், சும்மா மேல ஏறிட்டே போனா பூக்கறது கஷ்டம். 2023 கார்த்திகைல நுனியக் கிள்ளிட்டு ரெண்டு மாசம் தண்ணியக் கொறச்சு காயவிட்டேன். 2024 மாசில நாலு கொத்து மொட்டு.

இங்கதான் அந்தத் தீவு கதைக்குள்ள நான் விழுந்தேன். பூ வந்தா எப்படி மகரந்தம் சேக்கறதுன்னு தேடப் போய், அந்த முறை பொறந்த ரீயூனியன் தீவோட சரித்திரத்த ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சிட்டு இருந்தேன்.

இந்தியப் பெருங்கடல்ல மடகாஸ்கருக்கு கெழக்க இருக்கற சின்னத் தீவு. பழைய பேர் போர்பன். பிரெஞ்சுக்காரன் 1665ல ஆளுங்கள குடியேத்தறதுக்கு முன்னாடி அங்க நெலையா யாருமே இல்ல, அதனால அங்க நடந்த விவசாயம் மொத்தமும் யாரோ எங்கிருந்தோ கொண்டு வந்து வெச்சதுதான், பயிரும் சரி மனுசனும் சரி. 1715ல ஏமன் மோக்காலருந்து காப்பிச் செடி வந்துச்சு. கெழக்கிந்தியக் கம்பெனி, அதாவது பிரெஞ்சுக்காரனோடது, எல்லாரும் காப்பி வெச்சே ஆகணும்னு நெருக்குச்சு. காப்பிக்கு ஆள் வேணும்னு மடகாஸ்கர்லயும் கெழக்கு ஆப்பிரிக்காலயும் மனுசங்கள புடிச்சுட்டு வந்து அடிமையா எறக்குனாங்க, 1723ல அதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாச்சு. அப்புறம் பக்கத்துத் தீவு மொரீஷியஸ்ல கப்பல் துறைமுகம் பெருசானதும், அங்க இருக்கறவங்களுக்கு கோதுமை, அரிசி, மக்காச்சோளம் வெளைய வெச்சு அனுப்பற வேலையும் இந்தத் தீவுக்கு. 1770ல பியர் புவாவ்ர்ங்கற அதிகாரி டச்சுக்காரன் காவல் காத்த மொலுக்காஸ் தீவுகள்லருந்து கிராம்பு, ஜாதிக்காய் செடிகள ஆள் விட்டு கடத்திட்டு வந்தாரு. அவர் பேரே மிளகுன்னு அர்த்தம் வர்ற பேரு, நான் வெளையாடல. 1806, 1807ல அடுத்தடுத்து அடிச்ச புயல்ல காப்பியும் கிராம்பும் விழுந்துச்சு. அந்த நேரத்துல பிரான்சுக்கு ஹைட்டி கைவிட்டுப் போச்சு, மொரீஷியசும் இங்கிலீஷ்காரன் கைக்கு போயிடுச்சு, சக்கரைக்கு வேற எடம் இல்ல, 1815க்கு அப்புறம் போர்பன் முழுக்க கரும்பு. காப்பித் தோட்டத்த அழிச்சுக் கரும்பு, சோத்துக்கு வெளஞ்ச காட்ட அழிச்சுக் கரும்பு. இன்னைக்கும் அங்க வெவசாய நெலத்துல பாதிக்கு மேல கரும்புதான், அரிசி கப்பல்ல வருது. ஒரு காலத்துல அரிசி ஏத்துமதி பண்ணுன தீவு!

வெனிலா கொடி 1819லயே வந்துடுச்சு. ஆனா காய் இல்ல. மெக்சிகோல அந்தப் பூவுக்குள்ள போய் வேலை செய்யற பூச்சி இந்தத் தீவுல கெடையாது. 1836ல பெல்ஜியத்துல சார்ல்ஸ் மோரென்னு ஒரு பேராசிரியர் கண்ணாடி வீட்டுக்குள்ள கையால காய்க்க வெச்சுக் காட்டுனாரு, ஆனா அது தோட்டத்துல நூறு கொடிக்கு செய்யற மாதிரி வழியா ஆகல. 1841ல சான்த் சுசான் பக்கம் பெல்வியூங்கற எஸ்டேட்ல எட்மண்ட்னு ஒரு பையன், வயசு 12, அடிமை, அம்மா பிரசவத்துலயே எறந்துட்டாங்க. அவன்தான் ஒரு சின்னக் குச்சிய வெச்சு, கட்டவெரலால ஒரு அழுத்து அழுத்தி, காய்க்க வெச்சான். தோட்டத்து மொதலாளி பெரெயோல் பெல்லியே போமோன் கொடில காய் தொங்கறதப் பாத்து ஆச்சரியப்பட்டாரு, நாந்தான் செஞ்சேன்னு பையன் சொன்னப்ப மொதல்ல நம்பல. அப்புறம் எதுக்க நின்னு செஞ்சு காட்ட வெச்சு, பக்கத்து எஸ்டேட்டுக்கெல்லாம் அனுப்பி சொல்லிக் குடுக்க வெச்சாரு.

சரி, 12 வயசுப் பையன் செஞ்சான்ல, நமக்கென்னன்னு நெனச்சேன்.

மொத நாள் மூணு பூ. வெளிர் பச்சை மஞ்சள் நெறம், காலைல ஆறு மணிக்கு விரிஞ்சு மதியத்துக்குள்ள வாடிடும், அந்த அஞ்சாறு மணி நேரம்தான் அதோட ஆயுசே. உள்ள ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே தண்டுல மேலயும் கீழயும் ஒக்காந்திருக்கு, நடுவுல நாக்கு மாதிரி ஒரு தோல் மூடி, அதுதான் வில்லன். டூத்பிக்கால குழல கிழிச்சு, அந்தத் தோல மேல தூக்கி, மேல இருக்கற மகரந்தத்த கீழ ஒட்டற மாதிரி அமுக்கணும். படிக்க ஒரு வரி. நான் தோல தூக்கறப்பவே தண்டு முறிஞ்சுடுச்சு. ரெண்டாவதுல மகரந்தம் டூத்பிக்லயே ஒட்டீட்டு வந்துடுச்சு. மூணாவது சரியா வந்த மாதிரி இருந்துச்சு, அடுத்த நாள் காலைல தரைல கெடந்துச்சு. ஒட்டுனா பூ வாடியும் காம்புலயே நிக்கும், ஒட்டலன்னா அடுத்த நாள் உதிந்துடும். ரிசல்ட் 24 மணி நேரத்துல.

பதினஞ்சு பூ வீணாப்போச்சு. வீடியோ அஞ்சாறு பாத்தேன், ஸ்லோ மோஷன்ல. டூத்பிக் தடியா இருக்குன்னு தோணி சீமாத்துக் குச்சிய சீவி நுனிய மழுக்குனேன், அதுக்கப்புறம்தான் கை வந்துச்சு. குச்சியால தோல பின்னாடி தள்ளிப் புடிச்சுட்டு, கட்டவெரல மெதுவா உருட்டணும், அழுத்தக்கூடாது, உருட்டணும். குச்சிய எடுக்கறப்ப தோல் திரும்பி நடுவுல வந்துடாம பாக்கணும். பதினாறாவது பூ நின்னுச்சு. ஒரு நாள் முழுக்க சந்தோஷம் தாங்கல.

இதனாலதான் எட்மண்ட் கதைல ஒரு விஷயம் எனக்கு எரிச்சலா வருது. அவன் பேரு வெளிய வந்ததும், அதெப்படி ஒரு அடிமைப் பையனுக்கு தெரியும்னு பேச்சு. ரிஷார்னு அந்தத் தீவோட தாவரவியல் நிபுணர் ஒருத்தர் நாந்தான் முன்னாடியே காட்டிக் குடுத்தேன்னு உரிமை கொண்டாடுனாரு. குருட்டு அதிர்ஷ்டம்னு சொன்னவங்களும் உண்டு. நீங்க ஒரு வெனிலா பூவ கையில எடுத்து பாருங்க, குருட்டு அதிர்ஷ்டத்துல அந்தத் தோல தாண்ட முடியுமான்னு. மொதலாளி அவனுக்கு தர்பூசணிப் பூவுல கையால சேக்கறத சொல்லிக் குடுத்திருந்தாரு, நம்ம பூசணிக்கு ஆண் பூவ பறிச்சு தேய்ப்போம்ல அதே மாதிரி. ஆனா பூசணில ஆண் பூ தனியா பெண் பூ தனியா பளிச்சுன்னு தெரியும். வெனிலாவுல எது எதுன்னு புரிஞ்சுக்கறதுக்கே ஒரு கண்ணு வேணும், அவனுக்கு எழுதப் படிக்க யாரும் கத்துக்குடுக்கல வேற. பெல்லியே போமோன் கடைசி வரைக்கும் அவன்தான் கண்டுபுடிச்சான்னு எழுதிக்கிட்டே இருந்தாரு, அத ஒத்துக்கணும். சொந்தமா வெச்சிருந்த பையனுக்கு சாட்சிக் கடிதம் எழுதறது எவ்வளவு பெரிய மனசுங்கறது வேற விஷயம்.

1848 டிசம்பர் 20ல அங்க அடிமை முறை ஒழிஞ்சுச்சு, சுமார் 62,000 பேருக்கு விடுதலை. எட்மண்டுக்கு ஆல்பியஸ்னு ஒரு குடும்பப் பேர் குடுத்தாங்க. காசு எதுவும் குடுக்கல. ஊருக்குள்ள சமையல்கார எடுபிடியா இருந்தப்ப திருட்டு கேஸ்ல ஜெயில், வெனிலாவுக்காக மனு போட்டு தண்டனைய கொறச்சாங்க, 1880ல சான்த் சுசான்ல ஏழை ஆஸ்பத்திரில எறந்துட்டாரு. அந்தத் தீவு ஆளுங்க அந்த முறைய மடகாஸ்கருக்கும் கொண்டு போனாங்க. சித்தப்பா தோப்புல அப்ப கூலிக்கு வந்த பொம்பளைங்க காலைல காலைல செஞ்சது அதே குச்சி, அதே கட்டவெரல்.

விடுதலை ஆனவங்க கரும்புக்காட்டுக்கு திரும்ப வரல, யாருதான் வருவாங்க. அப்பத்தான் நம்ம ஆளுங்க. 1860ல பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா கூலிக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கப்பல் ஏத்துனாங்க. அங்க படுத்துன பாட்டப் பாத்து 1882ல பிரிட்டிஷ் அரசே நிறுத்திடுச்சு. அவங்க வாரிசுகள இன்னும் அங்க மலபார்னுதான் சொல்றாங்க, தமிழ் பேச்சு பெரும்பாலும் போயிடுச்சு, ஆனா தீமிதி நடக்குது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது வேற எடத்துல. அங்க கிரியோல் பாஷைல கறிவேப்பிலைக்கு கலுபிலே, கொத்தமல்லிக்கு கொத்தொமிலி, முருங்கைக்கு முருங். முருங்கக்கீரை அங்க இன்னைக்கும் சாப்பிடறாங்க. கம்பெனி கப்பல்ல வந்த பயிரெல்லாம் லண்டன் பாரிஸ் வெல பாத்து வந்துச்சு போச்சு, இது மட்டும் யாரோ மடில முடிஞ்சுட்டு போன மாதிரி அப்படியே நிக்குது. (என் அம்மாகிட்ட சொன்னேன், "அங்கயும் முருங்கக்கீரை உருவறது மருமகதானா?"ன்னு கேட்டாங்க.)

சரி, காய்க்கு வர்றேன். 2024ல மொத்தம் 19 நின்னுச்சு, அஞ்சு பிஞ்சுலயே உதிந்துச்சு, 14 காய். ஆறு வாரத்துல முழு நீளம் வந்துடுது, அப்புறம் பூத்து ஒன்பது மாசம் ஆகற வரைக்கும் சும்மா தொங்குது. மார்கழி ஆரம்பத்துல நுனி மஞ்சளாச்சு, பறிச்சேன், 210 கிராம். பச்சக் காய்ல வாசமே இல்ல, பீன்ஸ் மாதிரி இருக்கு. வாசம் வரவெக்கற பக்குவமும் அதே தீவுல சான் தாந்த்ரே பக்கம் 1850 வாக்குல தேறுனதுதான்: வெந்நில முக்கி, கம்பளில சுத்தி வியர்க்க விட்டு, வெயில்ல காட்டி காட்டி எடுக்கறது. 65 டிகிரில மூணு நிமிஷம். என்கிட்ட அப்ப தெர்மாமீட்டர் இல்ல, கை வெச்சு சூடு பாத்து அஞ்சு காய போட்டேன், அஞ்சும் வெந்து தோல் வெடிச்சுடுச்சு. அடுத்த நாள் தெர்மாமீட்டர் வாங்கி மிச்சம் ஒன்பத போட்டு, பழைய கம்பளில சுத்தி தெர்மகோல் பெட்டில ரெண்டு நாள். தொறந்தா சாக்லேட் கலர்! அப்புறம் ரெண்டு வாரம் தெனமும் மதியம் ரெண்டு மணி நேரம் வெயில், சாயந்தரம் மறுபடி கம்பளி. பக்கத்து வீட்டக்கா கருவாடான்னு கேட்டாங்க. அப்புறம் ஒரு மாசம் நெழல்ல, அப்புறம் மூடுன டப்பால மூணு மாசம். பனில ஒரு நாள் டப்பாவ ஜன்னலோரமா வெச்சதுல ரெண்டு காய் பூசணம் புடிச்சுச்சு. மிச்சம் ஏழு.

சித்திரைல டப்பா தொறந்தப்ப வந்த வாசம் ஐஸ்க்ரீம் வாசம் இல்ல. கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பழைய மர பீரோ. ஒரு காய கீறி பால் பாயசத்துல போட்டோம். சித்தப்பா ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு ஏலக்கா போட்டிருக்கலாம்னாரு.

இந்த வருஷம் கை பழகிடுச்சு, கொத்துக்கு எட்டுக்கு மேல காய் விடாம 31 நின்னிருக்கு. அடில இருக்கற ஒரு கொத்துல ரெண்டு காய் இப்பவே நுனி வெளுத்த மாதிரி இருக்கு, புரட்டாசிக்கு இது சீக்கிரம், வேரழுகல் திரும்ப வருதோன்னு சந்தேகம். நாளைக்கு காலைல மண்ண கிளறிப் பாக்கணும்.