'காரைக்குடி'ன்னு அடிச்சுப் பாத்துட்டு அப்புறமா பிரேம்வொர்க் எடுங்க

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கறப்ப பள்ளத்தூர்ல பலகாரம் போடுற ஆச்சி போன் பண்ணாங்க. "தம்பி, நீங்க குடுத்த லிங்க்க குரூப்ல போட்டேன், படமும் வரல பேரும் வரல, வெறும் நீல எழுத்து மட்டும் நிக்குது, ஒருத்தரும் தொறந்து பாக்கலையே"ன்னாங்க. எனக்கு சுருக்குனு ஆயிருச்சு. ஏன்னா அந்த சைட்ட நான் முழுசா ரியாக்ட்ல, அதாவது ஜாவாஸ்கிரிப்ட்ல பக்கம் கட்டுற கருவில பண்ணியிருந்தேன், சிங்கப்பூர்ல இருக்க அவங்க மகன் வேற "ரியாக்ட்ல தானே பண்றீங்க"ன்னு கேட்டிருந்தார், நானும் அப்பதான் கத்துக்கிட்டு இருந்தேன், கை அரிப்பு.

விஷயம் என்னன்னா, அந்த மாதிரி பண்ண சைட்ல சர்வர் அனுப்புற எச்டிஎம்எல்ல, அதாவது பக்கத்தோட மூல எழுத்துல, ஒரு காலி டிவ் (வெறும் பெட்டி) மட்டும்தான் இருக்கும், மத்ததெல்லாம் பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓடின பிறகுதான் வரும். வாட்ஸப் லிங்க்குக்கு முன்னோட்டம் காட்டறதுக்கு அந்த எச்டிஎம்எல்ல இருக்க தலைப்பு, பட டேக்கத்தான் தேடும், ஜாவாஸ்கிரிப்ட ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்காது. ஆச்சியோட வியாபாரமே சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்லதான் நடக்குது. மொத்தம் 14 பலகாரம், ஒரு ஆர்டர் பாரம், அவ்வளவுதான் சைட்டு. அதுக்குப் போயி அத்தனை பெரிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டைய வாடிக்கையாளர் போன்ல இறக்குனது என் தப்பு.

ரியாக்ட் மோசம்னு சொல்ல வரல. 2013ல பேஸ்புக்காரங்க அத வெளிய விட்டப்ப அவங்களுக்கு இருந்த பிரச்சனை வேற, ஸ்கிரீன்ல பத்து இடம் ஒரே நேரத்துல மாறிக்கிட்டே இருக்கும், அதுக்கு அது ரொம்ப நல்லது. வியூ, ஸ்வெல்ட்டும் அதே ஜாதிதான், எது கைக்குப் பழகுதோ அத வச்சுக்கலாம், இதுக்குப் போயி சண்ட போடறதுல எனக்கு ஆர்வம் இல்ல. சீடை விக்கிறதுக்கு இது எதுவுமே வேணாம், அவ்வளவுதான்.

ரெண்டு ராத்திரி உக்காந்து ஜாங்கோவுக்கு மாத்துனேன். அது பைத்தான் மொழில இருக்க பிரேம்வொர்க், அதாவது சைட் கட்டுறதுக்கான ரெடிமேட் சட்டகம், பக்கத்த சர்வர்லயே முழுசா செஞ்சு அனுப்பும். ஜாங்கோ 2005ல வெளிய வந்துச்சு, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கிற ஊர்ல ஒரு செய்தித்தாள் ஆபீஸ்ல பிறந்தது, சாயங்காலத்துக்குள்ள பக்கம் வெளிய போகணும்ங்கிற அவசரத்துல வளந்தது. அதனாலயோ என்னவோ அட்மின் பக்கம் சும்மாவே கிடைச்சுருது, ஆச்சி வீட்டுப் பொண்ணு அதுல விலைய மாத்திக்கிறா, எனக்கு போன் வர்றது பாதி கொறஞ்சுச்சு. லிங்க் போட்டா மனகோலம் படம் வருது. சந்தோஷமா படுத்துட்டேன்.

காலைல எந்திரிச்சு பாத்தா வேற கூத்து. ஒவ்வொரு பலகாரத்துக்கும் தனி பக்கம், அதோட முகவரி பேர்லருந்து தானா உருவாகுற மாதிரி ஸ்லக்கிஃபைங்கிற ஜாங்கோ பங்ஷன போட்டிருந்தேன். சும்மா விட்டா அது தமிழ் எழுத்த மொத்தமா தூக்கிரும், பதிலுக்கு காலியாத்தான் வரும். யூனிகோட (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுத்த பட்டியல்) அனுமதினு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணா 'தேன்குழல்' போயி 'தனகழல'ன்னு நிக்குது, 'சீப்புச் சீடை' 'சபபச-சட'. கெட்ட வார்த்த மாதிரி இருக்கேன்னு என் தங்கச்சி சிரிக்கிறா.

காரணத்த தேடிப் போனா ஜாங்கோ பைத்தான கைய காட்டுது. பைத்தானோட ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல (எழுத்து வடிவத்த தேடுற விதி) சொல் எழுத்துன்னா தனி எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் கணக்கு. நம்ம கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோட்ல 'குறி'ன்னு வேற வகைல இருக்கு, அதனால அதெல்லாத்தையும் குப்பைனு நெனச்சு கூட்டித் தள்ளிரும். 'காரைக்குடி' நமக்கு 5 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 10 குறியீடு, சேமிக்கிற யூடிஎஃப் 8 முறைல 30 பைட். ஸ்லக்கிஃபை பண்ணா 'கரககட'. சரி நானே எழுதிக்கிறேன்னு தமிழ்லயே முகவரி வச்சேன், அத காப்பி பண்ணி ஒட்டுனா ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தா சதவீதக் குறியோட விரியுது, காரைக்குடிங்கிற ஒரு வார்த்தையே 90 எழுத்துக்குப் போகுது. கடைசில ஆங்கில எழுத்துல ஒரு பேரும் ஒரு நம்பரும்னு கையால போட்டு முடிச்சேன், 14 பலகாரத்துக்கு 10 நிமிஷம் கூட ஆகல.

வெட்டுறதும் இதே கதைதான். முகப்புப் பக்கத்துல விளக்கத்த இத்தன எழுத்தோட வெட்டுன்னு சொன்னா உயிர்மெய்ய நடுவுல அறுத்துரும், 'சீடை' 'சீட'ன்னு முடியும். எழுத்துக் கணக்க விட்டுட்டு வார்த்தைக் கணக்குல வெட்டுற பில்டர போட்டா தீந்துச்சு. ஜாவாஸ்கிரிப்ட்காரங்களுக்கு இன்ட்ல் செக்மென்டர்னு (Intl.Segmenter) ஒண்ணு பிரவுசர்லயே இருக்கு, அது உயிர்மெய்ய பிரிக்காம ஒண்ணா எண்ணும். அன்னைலருந்து எந்த பிரேம்வொர்க்க தொட்டாலும் எனக்கு மொதல் பரிச்ச இதுதான்: காரைக்குடின்னு ஒரு தலைப்பு குடுத்து முகவரி உருவாக்கு, நடுவுல வெட்டு, தேடு, வரிசைப்படுத்து, அப்புறமா வேகத்தப் பத்தி பேசலாம். வினாடிக்கு எத்தன ரிக்வெஸ்ட்னு ஒப்பிட்டு கிராப் போடுறவங்க ஒருத்தரும் இத போட்டுப் பாக்கறதில்ல.

ரெண்டாவது பரிச்ச டெம்ப்ளேட், அதாவது விவரத்த நிரப்ப காலி எடம் விட்ட பக்க மாதிரி. நான் இப்பெல்லாம் டெம்ப்ளேட்ட மொதல்ல பாத்துட்டுத்தான் பிரேம்வொர்க்க பாக்குறேன், ஏன்னா சைட்ட குடுத்த பிறகு வர்ற போன் பத்துல எட்டு அங்கதான் போயி நிக்கும், "இந்த வரிய மாத்துங்க", "படத்த மேல போடுங்க". டெம்ப்ளேட்டுக்குள்ள எவ்வளவு புரோகிராம் எழுத விடணும்ங்கிறதுல ஆளாளுக்கு ஒரு கொள்கை. மஸ்டாஷ் ஒண்ணுமே விடாது, இருந்தா காட்டு இல்லாட்டி விடு, அவ்வளவுதான். ஜாங்கோ கொஞ்சம் விடும். ஜின்ஜா நெறைய விடும், பங்ஷன கூப்புடலாம் கணக்கு போடலாம். பிஎச்பி, ஈஜேஎஸ், ரியாக்ட்டோட ஜேஎஸ்எக்ஸ் எல்லாம் கதவ முழுசா தொறந்து விட்டுரும்.

நான் ஆரம்பத்துல தொறந்த கதவுதான் சுதந்திரம்னு நெனச்சவன். ஆச்சி "அஞ்சு கிலோவுக்கு மேல வாங்குனா காரைக்குடிக்குள்ள டெலிவரி சும்மா"ன்னாங்க, நான் அந்த கணக்க டெம்ப்ளேட்லயே எழுதிட்டேன், பலகாரப் பக்கத்துல ஒண்ணு, பில் பக்கத்துல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு. ரெண்டு மாசம் கழிச்சு "மூணு கிலோனு வச்சுக்கலாம் தம்பி"ன்னாங்க. ரெண்டு எடத்துல மாத்துனேன், மெயில மறந்துட்டேன். கல்யாணத்துக்கு நாலு கிலோ வாங்குனவருக்கு சைட்ல சும்மான்னும் மெயில்ல டெலிவரி சார்ஜோடவும் போயிருக்கு, மனுசன் ஆச்சிய பிடிச்சு உலுக்கிட்டார்.

அந்த வாரம்தான் ஆத்தங்குடில தரைக்கல்லு பட்டறை வச்சிருக்க அண்ணன் ஒருத்தருக்கு சைட் வேலையா போயிருந்தேன். கண்ணாடி மேல சட்டத்த வச்சு, பூ அச்ச அதுக்குள்ள வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட கரண்டியால ஊத்துறாங்க, அச்ச தூக்கிட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி காய வைக்கிறாங்க, அப்புறம் தண்ணித் தொட்டில. நான் சும்மா இருக்காம "இந்த அச்சு எந்தக் கலருக்குண்ணே"ன்னு கேட்டேன். "அச்சுக்கு ஏது தம்பி கலரு, ஊத்துறவன் கைலல்ல இருக்கு"ன்னார். டெலிவரி கணக்க அன்னைக்கு ராத்திரியே பைத்தான் பக்கம் ஒரே எடத்துக்கு கொண்டு போயிட்டேன். டெம்ப்ளேட் இப்ப 'இலவசமா இல்லையா'ன்னு மட்டும் கேக்குது.

அந்த பட்டறைக்கு ஜாங்கோ கூட போடல. டிசைன் படம், சைஸ், போன் நம்பர், இவ்வளவுக்கு டேட்டாபேஸ் எதுக்கு. எலெவென்டில (பக்கத்தயெல்லாம் முன்னாடியே செஞ்சு வைக்கிற கருவி) நன்ஜக்ஸ் டெம்ப்ளேட் போட்டு வெறும் எச்டிஎம்எல் பைலா இறக்கி விட்டாச்சு. நன்ஜக்ஸ் மோசில்லா பக்கத்துலருந்து வந்தது, ஜின்ஜாவப் பாத்து ஜாவாஸ்கிரிப்ட்ல பண்ணது. ஜின்ஜா ஜாங்கோவப் பாத்து பண்ணது. பிஎச்பில ட்விக்கும் ரஸ்ட்ல டெராவும் இந்த குடும்பம்தான், ஷாப்பிஃபைல இருக்க லிக்விட்ட பாத்தாலும் அதே முகஜாடைதான். ரெட்ட வளைவடைப்பு போட்டா காட்டும், சதவீதம் போட்டா வேல செய்யும். (ஜின்ஜான்னா ஜப்பான்ல கோயிலாம், டெம்பிளும் டெம்ப்ளேட்டும் காதுக்கு ஒண்ணா இருக்குன்னு வச்ச பேரு. பிள்ளையார்பட்டி பக்கத்துல உக்காந்து இத படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு.)

நம்மூர்ல இடிச்ச வீட்டு நெலக்கதவ முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்கிட்டுப் போயி புது வீட்டுல மாட்டுறாங்கல்ல, அந்த மாதிரி பிரேம்வொர்க் போனாலும் இந்தப் பழக்கம் கூடவே வருது. கூகுளோட ஆங்குலர் பிரேம்வொர்க்ல இது நடக்கல. 2010ல வந்த பழைய ஆங்குலர் வேற, 2016ல வந்த ஆங்குலர் 2 வேற, அப்படியே மாறிக்க முடியாது, பழசுக்கு 2021 கடைசியோட ஆதரவும் நின்னு போச்சு.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிர்றேன், ஜின்ஜாவ ஃப்ளாஸ்க்கோட (பைத்தான்லயே இன்னொரு சின்ன பிரேம்வொர்க்) போட்டா எச்டிஎம்எல் டெம்ப்ளேட்ல வெளியாள் எழுதுனத தானா எஸ்கேப் பண்ணிரும், அதாவது டேக்க கட்டளையா எடுக்காம வெறும் எழுத்தா காட்டும், தனியா எடுத்து மெயிலுக்குப் போட்டா நீங்கதான் அத ஆன் பண்ணணும். நான் பண்ணல. ஆர்டர் குறிப்புல ஒருத்தர் விளையாட்டா டேக் எழுதி விட, ஆச்சிக்கு போன மெயில் பூரா கொட்ட எழுத்துல.

பிஎச்பி பிரேம்வொர்க்கான லாராவெல ஏன் எடுக்கலன்னு தேவகோட்டை நண்பன் கேக்குறான். தப்பே இல்ல, மலிவான ஹோஸ்டிங்ல ஓடும், நமக்கப்புறம் அத தொடப்போற பையனுக்கு பிஎச்பி தெரியும்னா அதத்தான் எடுக்கணும். எனக்கப்புறம் ஆச்சி சைட்ட பாத்துக்கப் போறது அந்த வீட்டுப் பொண்ணு, அவ காலேஜ்ல பைத்தான் படிக்கிறா, முடிஞ்சது கத.

அடுத்து முனீஸ்வரன் கோயில் தெருவுலயே பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். அவர்கிட்ட எல்லாமே ஒத்த ஒத்த பொருள்தான், ஒண்ணு வித்தா அந்தப் பக்கமே வேணாம், கார்ட்டும் வேணாம். ஜாங்கோவா எலெவென்டியான்னு இன்னும் முடிவு பண்ணல, ஒரு நாளைக்கு எத்தன சாமான் உள்ள வருது வெளிய போகுதுன்னு ஒரு வாரம் நோட்டுல குறிச்சு வைங்கண்ணேன்னு சொல்லியிருக்கேன். முகவரி மட்டும் நம்பர்தான்.